பாதியில் நின்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்: வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த ஆண்டில் மட்டும் மூன்று பேர், தாங்கள் வாங்க நினைத்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை வந்து பார்க்கும்படி என்னை அழைத்தார்கள். மூன்றுமே யாரோ ஒருவர் ஆர்வத்தோடு பிரித்து, சில வருடங்கள் வேலை பார்த்து, பிறகு கைவிட்ட கார்கள். அவர்கள் காரைச் சுற்றி நடந்த விதமும், தொட்டுப் பார்த்து மகிழ்ந்த இடங்களும், கேட்காமல் விட்ட கேள்விகளும், முதல் காரை வாங்கியபோது நான் செய்ததை அப்படியே நினைவூட்டின. நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், விவரம் தெரிந்த மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள் என்பன போன்ற, எல்லோரும் அறிந்த அறிவுரைகளை இங்கே விட்டுவிடுகிறேன். பணமும் காலமும் போன பிறகே எனக்குப் புரிந்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

"எல்லாப் பாகங்களும் இருக்கின்றன" என்ற சொல்லை ஏற்பது

இதைச் சொல்பவர் பொய் சொல்வதாக நான் கருதவில்லை. பெரும்பாலும் அவர் அப்படித்தான் நம்புகிறார். ஆனால் பாகம் இருப்பது வேறு, அந்தக் காருக்கு உரிய பாகம் இருப்பது வேறு. 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரையே எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்த்தால் பல வருடத்து வண்டிகள் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் 1964இன் இறுதியில், என்ஜினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்கை மூன்று பேரிங்குகள் தாங்கிய அமைப்புக்குப் பதிலாக ஐந்து பேரிங்குகள் தாங்கும் அமைப்பு வந்தது. 1967இல் நான்கு கியர்களுக்கும் சிங்க்ரோ (கியர் உரசாமல் எளிதாக விழ உதவும் அமைப்பு) உள்ள கியர்பாக்ஸ் வந்தபோது, அதற்கு இடம் தருவதற்காகத் தரையின் நடுவே ஓடும் டனலின் வடிவமே மாற்றப்பட்டது. ஆகவே அந்த கியர்பாக்ஸ் அதற்கு முந்தைய பாடியில், தகட்டை வெட்டாமல் உட்காராது. ஸ்போக் சக்கரத்துக்கான பின் அச்சுக்கும் சாதாரண சக்கரத்துக்கான பின் அச்சுக்கும் அகலம் வேறு. பல வண்டிகளிலிருந்து சேர்த்த பாகங்கள் ஒரே பெட்டிக்குள் கிடக்கும்போது இந்த வேறுபாடுகள் எதுவும் கண்ணில் படாது.

அந்த வருடத்து மாடலுக்கான பாகப் பட்டியலை, படங்களோடு கூடிய பதிப்பாகக் கையில் எடுத்துச் செல்லுங்கள். பக்கம் பக்கமாக, இருப்பதைக் குறியிட்டுக்கொண்டே வாருங்கள். இதற்கு ஒரு முழுநாள் ஆகும். அந்த ஒரு நாளைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டியதில்லை. என்ஜின் பாகங்களைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். என் அனுபவத்தில் ஆளை அலைய வைப்பவை முன் கண்ணாடியின் சட்டம், மடக்குக் கூரையின் கம்பிக் கூடு, குரோம் பட்டைகள், கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறி போன்றவைதான்.

முடிந்துவிட்டதாகச் சொல்லப்படும் வேலைக்குப் பணம் கொடுப்பது

மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. வருடங்கள் கடந்தும் இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நான் வாங்கிய முதல் கார், கூரையில்லாத எம்ஜிபி. "பாடி வேலை முழுவதும் முடிந்தது, இனி பூட்ட வேண்டியதுதான்" என்றார் விற்றவர். பளபளக்கும் புது பெயின்டோடு பாடி ஸ்டாண்டுகளின் மேல் நின்றது. கதவுகள் தனியாகப் பெயின்ட் அடிக்கப்பட்டு, போர்வையில் சுற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அதே நேரத்தில், துருப்பிடித்திருந்தாலும் பிரிக்கப்படாத இன்னொரு எம்ஜிபியும் விற்பனைக்கு இருந்தது. அதைப்போல இரண்டு மடங்கு விலை கொடுத்து, பெயின்ட் அடித்ததையே வாங்கினேன். ஒன்றரை வருடம் என்ஜின், பிரேக், வயரிங் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திய பிறகு, கடைசியாகக் கதவை மாட்டினேன். பூட்டு விழும் முன்பே கதவின் மேல் மூலை பின் மட்கார்டில் உரசியது. கீழ் மூலையிலோ விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. கீலைத் தளர்த்தினேன், மெல்லிய தகடுகளைச் செருகிப் பார்த்தேன், மூன்று வாரங்கள் போராடினேன். மறுபக்கக் கதவும் அப்படியே இருந்தது.

நடந்தது என்னவென்றால், கூரையில்லாத இந்த வகைக் காருக்குத் தனி சேசிஸ், அதாவது பாடியைத் தாங்கும் தனிச் சட்டம், கிடையாது. கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை பெட்டிபோல ஓடும் சில் என்ற தகட்டுப் பகுதிதான் காரின் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து நிறுத்துகிறது. துருப்பிடித்த சில்லை வெட்டி எடுப்பதற்கு முன், கதவு வரும் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே வெட்ட வேண்டும். புதிய தகட்டை நிரந்தரமாக ஒட்டும் முன் கதவை மாட்டி இடைவெளியைப் பார்க்க வேண்டும். எனக்கு முன் வேலை செய்தவர் இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை. இரு பக்கமும் ஒன்றாக வெட்டப்பட்டதும் பாடி நடுவில் தொய்ந்து, கதவுத் திறப்பின் மேல்பகுதி குறுகிவிட்டது. அந்தத் தொய்ந்த நிலையிலேயே உறுதியான புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்து, மேலே அழகாகப் பெயின்ட்டும் அடித்துவிட்டார்கள். என்ஜினை இறக்கி, வயரிங்கை உருவி, பெயின்ட்டைச் சுரண்டி, புத்தம்புது சில்களை வெட்டி எறிந்து, ஜாக்கிகளால் பாடியை நிமிர்த்தி, மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கொடுத்ததோடு, நடுவில் அதைக் கலைப்பதற்கும் கொடுத்தேன்.

ஆகவே, கதவுகளை மாட்டிக் காட்டாமல் பாடி வேலை முடிந்தது என்று யார் சொன்னாலும், அது முடியவில்லை என்றே கணக்கிடுங்கள். பெயின்ட் கீறிவிடும் என்பார்கள். கீறட்டும், அந்தக் கீறலுக்கான செலவை நீங்களே ஏற்பதாகச் சொல்லுங்கள். கீழ்க் கீலிலிருந்து எதிர்மூலையின் மேல்பகுதி வரை குறுக்காக அளந்து, இடப்பக்க அளவையும் வலப்பக்க அளவையும் ஒப்பிடுங்கள். ஆனால் இரு பக்கமும் ஒரே அளவில் தொய்ந்திருக்கலாம் என்பதால் அளவு பொருந்துவதை மட்டும் நம்பாதீர்கள், கதவின் இடைவெளியே சாட்சி. வெல்டிங் நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். அவற்றில் முட்டுக் குழாய்கள் தெரிய வேண்டும். பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கருவியையும் கொண்டுசெல்லுங்கள்: தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும், ஓர் இடத்தில் மட்டும் அது பல மடங்கு உயர்ந்தால் அங்கே பட்டி பூசி எதையோ மறைத்திருக்கிறார்கள்.

மாடலுக்கு மாடல் பார்க்க வேண்டிய இடம் மாறும். டிரையம்ப் டிஆர்6 காருக்குத் தனி சேசிஸ் உண்டு. அங்கே பின்புறத்தில், என்ஜினின் விசையைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலைத் தாங்கும் இடத்தில் விரிசல் தேட வேண்டும். ஸ்பிட்ஃபயருக்கும் சேசிஸ் உண்டு என்றாலும் அதன் சில்லும் பாரம் சுமக்கிறது. லோட்டஸ் எலானின் பாடி ஃபைபர் கிளாஸ் என்பதால் அதில் துரு இராது. ஆனால் அடியில் இருக்கும் எஃகு முதுகெலும்பு துருப்பிடிக்கும். ஜாகுவார் இ-டைப்பின் முன்பக்கக் குழாய்ச் சட்டம் உள்ளிருந்து அரிக்கும், மேலே பெயின்ட் நன்றாகவே இருக்கும்.

துரு வெளிப்படையாகத் தெரியும் பாடியை நான் இப்போது விரும்பி வாங்குகிறேன், ஏனென்றால் அதன் செலவை என்னால் கணக்கிட முடியும். எம்ஜிபிக்கு இன்னொரு வசதியும் உண்டு: 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கிறது. அந்த விலையை முதலில் தெரிந்துகொண்டு, பிறகு எதிரே நிற்கும் பாடியின் விலையைப் பேசுங்கள்.

ரீபில்ட் ஆன என்ஜின்

லேத் பட்டறையின் பில்லும், கிராங்க் எந்த அளவுக்குக் கடையப்பட்டது, எந்த அளவு பேரிங் போடப்பட்டது என்ற குறிப்பும் இல்லாவிட்டால் அது ரீபில்ட் ஆகாத என்ஜின். குறிப்பு இருந்தாலும், பல வருடம் ஓடாமல் கிடந்த என்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டரோடு துருவால் ஒட்டியிருக்கலாம், ஆயில் சீல்கள் இறுகியிருக்கலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரித்துக் கிடக்கும் என்ஜினாக இருந்தால் மெயின் பேரிங் மூடிகளை எண்ணுங்கள்: அவை பிளாக்கோடு சேர்த்தே துளையிடப்பட்டவை, வேறு பிளாக்கின் மூடியைக் கொண்டுவந்து அப்படியே மாட்ட முடியாது.

சேசிஸ் எண்ணைப் படிக்காமல் விடுவது

எண் ஆவணத்தோடு ஒத்திருப்பது மட்டும் போதாது, அந்த எண் என்ன சொல்கிறது என்பதும் தெரிய வேண்டும். எம்ஜிபியில் ஜிஹெச்என் என்று தொடங்கினால் திறந்த கார், ஜிஹெச்டி என்றால் கூரையுள்ள ஜிடி. எண் பொறித்த தகடு ஒன்றைச் சொல்லி, பாடி வேறொன்றாக இருந்தால் திரும்பிவிடுங்கள்.

இடம்

பிரித்த காருக்கு முழுக் காரைவிட இரண்டு மடங்கு இடம் வேண்டும்.

"முடியாவிட்டால் விற்றுவிடலாம்"

போட்ட பணம் திரும்பாது.

வேலை ஏன் நின்றது என்று ஆராயாமல் இருப்பது

நேரமில்லை, குழந்தை பிறந்தது, வீடு மாறினோம் என்ற பதில்கள் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் நான் பில்களைக் கேட்டு வாங்கி, தேதி வாரியாக அடுக்கி, கடைசியாக வாங்கப்பட்ட பொருள் எது என்று பார்க்கிறேன். வேலை நின்ற இடம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.

இந்த ஆண்டு நான் பார்க்கப்போன மூன்றாவது காரும் பெயின்ட் அடித்துத் தயாராக நின்ற திறந்த கார்தான். பில்களை அடுக்கினோம். கடைசி மூன்று பில்களும் கதவுக் கீலுக்குச் செருகும் மெல்லிய தகடுகளுக்கானவை, ஒவ்வொரு முறையும் முந்தியதைவிட அதிகத் தடிமனில். வாங்க வந்த இளைஞரிடம் அதைக் காட்டிவிட்டு, கதவை மாட்டும்படி கேட்டேன். விற்பவர் சற்றுத் தயங்கி, பிறகு தாமே ஒரு முனையைத் தூக்கிப் பிடித்தார். மேல் மூலை உரசியது. பாடிக்கு எதுவும் சேர்க்காமல், என்ஜினுக்கும் பெட்டிகளில் இருந்தவற்றுக்கும் மட்டும் அந்த இளைஞர் ஒரு விலை சொன்னார். விற்பவர் அதற்கு இணங்கவில்லை. நாங்கள் கதவைக் கழற்றி, போர்வையில் சுற்றி, இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பினோம்.