30 சதவீதம் மறுவேலை என்று யார் சொன்னது? கட்டுமான மேலாண்மை மாணவர்கள் சான்று தேடுவதிலும் காட்டுவதிலும் செய்யும் தவறுகள்

கட்டுமான மேலாண்மை ஆய்வேடுகளின் முதல் அத்தியாயத்தில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘கட்டுமானத்தில் 30 சதவீதம் மறுவேலையிலேயே போகிறது.’ பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரும் அண்மைய ஆண்டு ஒன்றும் இருக்கும். அந்தக் கட்டுரையைத் திறந்தால் அது வேறொரு கட்டுரையைக் கைகாட்டும். அதைத் திறந்தால் இன்னொன்று. விடாமல் பின்னால் போனால் பல நேரம் வந்து சேரும் இடம், 1998-ல் பிரிட்டனில் ஜான் ஈகன் தலைமையிலான குழு வெளியிட்ட ‘ரீதிங்கிங் கன்ஸ்ட்ரக்‌ஷன்’ அறிக்கை.

அங்கே இருப்பது என்ன? அமெரிக்கா, ஸ்காண்டிநேவியா, பிரிட்டன் ஆகிய இடங்களில் நடந்த ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், கட்டுமானத்தில் 30 சதவீதம் வரை மறுவேலையாக இருக்கலாம் என்று ஒரு வரி. எந்த ஆய்வு, எத்தனை திட்டங்கள், எதை மறுவேலை என்று கணக்கிட்டார்கள் என்ற விவரம் அந்த வரியில் இல்லை. உச்ச வரம்பாகச் சொன்னது கைமாறிக் கைமாறி சராசரி ஆகிவிட்டது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் முந்தைய மதிப்பீடு இன்றைய நிலவரம் போலவும் வந்து உட்கார்ந்துவிட்டது. இதில் மாணவர் பொய் எதுவும் சொல்லவில்லை. பார்க்காத ஒன்றைப் பார்த்ததாகக் காட்டினார், அவ்வளவுதான். இந்தத் துறையில் சான்று தொடர்பான தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே பழக்கத்தில் முளைப்பவை என்பது என் எண்ணம்.

எண்ணை மட்டும் பிடுங்கி வருவது

இன்னொரு பிரபல எண்ணைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ‘பத்தில் ஒன்பது கட்டுமானத் திட்டங்களில் செலவு மீறுகிறது.’ இந்த எண்ணின் மூல ஆவணம், பென்ட் ஃப்ளைவ்பியர்க்கும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2002-ல் அமெரிக்கத் திட்டமிடல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரை. அவர்கள் எடுத்துக்கொண்டவை 258 திட்டங்கள். எல்லாமே போக்குவரத்துக் கட்டமைப்புகள்: ரயில், பாலம், சுரங்கப்பாதை, சாலை. செலவு மீறலின் சராசரி ரயிலுக்குச் சுமார் 45 சதவீதம், பாலம்-சுரங்கத்துக்கு 34, சாலைக்கு 20. அடுக்குமாடிக் குடியிருப்பு பற்றியோ மருத்துவமனைக் கட்டடம் பற்றியோ அதில் எதுவும் இல்லை.

அதைவிட முக்கியமான நுணுக்கம் ஒன்று இருக்கிறது. அவர்கள் மீறலை அளந்தது எந்தப் புள்ளியிலிருந்து? திட்டத்தைக் கட்டலாம் என்று முடிவெடுத்த நேரத்து மதிப்பீட்டிலிருந்து. ஒப்பந்தம் கையெழுத்தான தொகையிலிருந்து அல்ல. உங்கள் ஆய்வில் ஒப்பந்தத் தொகையையும் இறுதி பில்லையும் ஒப்பிட்டு 12 சதவீத மீறல் என்று கண்டுபிடித்துவிட்டு, ‘முந்தைய ஆய்வுகளைவிட இது குறைவு’ என்று எழுதினால் இரண்டு வெவ்வேறு அளவுகோல்களை ஒன்றாக்கிவிட்டீர்கள். வாய்மொழித் தேர்வில் விஷயம் தெரிந்த ஒரு தேர்வாளர் அமர்ந்திருந்தால் முதல் கேள்வியே அங்கேதான் விழும்.

அதே போல, ‘கட்டுமானத் துறை உலகின் கார்பன் உமிழ்வில் 39 சதவீதத்துக்குக் காரணம்.’ உலகப் பசுமைக் கட்டட மன்றத்தின் 2019 அறிக்கை அந்த 39-ஐப் பிரித்தே தருகிறது: 28 சதவீதம் கட்டடங்களைப் பயன்படுத்தும்போது வருவது (விளக்கு, குளிரூட்டல், சூடேற்றல் போன்றவை), 11 சதவீதம்தான் கட்டுமானப் பொருள்களும் கட்டும் வேலையும் சேர்ந்தது. அதுவும் ஆற்றல் சார்ந்த உமிழ்வில் மட்டும். சிமென்ட் பற்றி எழுதும் மாணவர் 39-ஐ எடுத்து வைத்தால் தன் வாதத்தைத் தானே பலவீனப்படுத்துகிறார். 11 போதுமான அளவு பெரிய எண்தான்.

எந்த எண்ணை எடுத்தாலும் பக்கத்தில் நான்கு விஷயங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: எந்த நாடு, எந்த வகைத் திட்டம், எந்தக் காலம், எதை எதிலிருந்து அளந்தார்கள். இந்த நான்கில் ஒன்றாவது உங்கள் வாக்கியத்திலேயே தெரிய வேண்டும்.

கருத்தை அளவீடாக எழுதுவது

தாமதத்துக்கான காரணங்கள் என்பது இந்தத் துறையில் தேய்ந்துபோன தலைப்பு. கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றே: காரணங்களைப் பட்டியலிட்ட கேள்வித்தாள், ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், கடைசியில் ஒரு தரவரிசை. அதிகம் மேற்கோள் காட்டப்படும் 2006-ம் ஆண்டுக் கட்டுரை ஒன்று சவூதி அரேபியாவின் பெரிய திட்டங்களைப் பற்றியது. அதில் 73 காரணங்களை அடையாளம் கண்டார்கள். பதில் சொன்னவர்கள் 23 ஒப்பந்ததாரர்கள், 19 ஆலோசகர்கள், 15 உரிமையாளர்கள். மூன்று தரப்பும் பொதுவாகச் சொன்ன காரணம், வேலை நடக்கும்போது வரும் மாற்ற உத்தரவு (ஒப்புக்கொண்ட வேலையை மாற்றச் சொல்வது).

நல்ல ஆய்வுதான். ஆனால் அதை வைத்து ‘தாமதத்துக்கு முக்கியக் காரணம் மாற்ற உத்தரவு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதக் கூடாது. 57 தரப்பினர் அப்படி நினைத்தார்கள் என்பதுதான் அங்கே கிடைத்த தரவு. யாரும் தளத்தில் நின்று நாட்களை எண்ணவில்லை. ‘சவூதி அரேபியாவில் கருத்துக் கேட்கப்பட்ட மூன்று தரப்பினரும் மாற்ற உத்தரவையே பொதுக் காரணமாகக் குறிப்பிட்டனர்’ என்று எழுதினால் கூடுதலாக ஐந்தாறு சொற்கள் செலவாகும்; வாக்கியம் அசைக்க முடியாததாகிவிடும். இதே வகையில் பத்து நாட்டு ஆய்வுகளை வரிசையாக அடுக்கி, ‘ஆகவே எல்லா நாட்டிலும் இதே நிலை’ என்று முடிப்பதும் வழக்கம். எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்வித்தாளைச் சுற்றுக்கு விட்டிருந்தால் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும். அதையும் ஒரு வரியில் சுட்டிக்காட்டுங்கள், விமர்சனப் பார்வை என்று வழிகாட்டி கேட்பது இதைத்தான்.

தேடும் இடமும் தேடும் விதமும்

கூகுள் ஸ்காலரில் ஒரே ஒரு சொற்றொடரைப் போட்டு, முதல் பக்கத்தில் இலவசமாகத் திறக்கும் பி.டி.எஃப்-களை மட்டும் எடுத்துக்கொள்வது சோம்பல் என்பதைவிட அறியாமை என்றே சொல்வேன். நாட்டுக்கு நாடு இந்தத் துறையின் சொற்கள் மாறுகின்றன. தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பொருத்தும் முறைக்கு ப்ரீஃபேப், மாடுலர், ஆஃப்சைட், இண்டஸ்ட்ரியலைஸ்டு என்று நான்கைந்து பெயர்கள். பிரிட்டிஷ் மரபில் குவாண்டிட்டி சர்வேயிங் (கட்டுமான அளவும் செலவும் கணக்கிடுவது) என்பதன் பெரும்பகுதி அமெரிக்காவில் காஸ்ட் எஸ்டிமேட்டிங், காஸ்ட் இன்ஜினியரிங் என்ற பெயர்களில் கிடைக்கும். ‘லேபர்’ என்ற சொல்லின் எழுத்துக்கோவையே இரு நாட்டிலும் வேறு. ஒரு வடிவத்தில் மட்டும் தேடினால் பாதி இலக்கியம் கண்ணில் படாமலே போகும். மாற்றுச் சொற்களை ‘ஆர்’ (OR, அதாவது ‘அல்லது’) போட்டு இணையுங்கள், சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். கன்ஸ்ட்ரக்‌ஷன் என்று தனியாகப் போட்டால் சமூகவியலும் மொழியியலும் வந்து குவியும், அது வேறு தலைவலி.

ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிட்டால் தேடுபொறியைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு அந்தக் கட்டுரையையே வழியாக்குங்கள். அதன் துணைநூற்பட்டியலில் பின்னோக்கிப் போகலாம். அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்ற இணைப்பைச் சொடுக்கி முன்னோக்கியும் போகலாம்.

‘கடைசி ஐந்து ஆண்டுகளின் ஜர்னல் கட்டுரைகள் மட்டும்’ என்ற வடிகட்டி இன்னொரு பொறி. பிம் (கட்டடத் தகவல்களோடு கூடிய கணினி மாதிரி), ட்ரோன், சென்சார் போன்ற தலைப்புகளுக்கு அது சரி. வீணாவதைக் குறைக்கும் லீன் கட்டுமானத்துக்கு அதைப் போட்டால் வேரையே வெட்டிவிடுவீர்கள். அந்தச் சிந்தனையின் தொடக்கப் புள்ளியாகக் கருதப்படும் லவுரி கோஸ்கெலாவின் எழுத்து, 1992-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு தொழில்நுட்ப அறிக்கை. அதே சிந்தனையில் வந்த லாஸ்ட் பிளானர் என்ற வேலைத் திட்டமிடல் முறையை விரிவாக எடுத்துவைத்தது 2000-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கிளென் பல்லார்டு சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேடு. இரண்டுமே ஜர்னல் கட்டுரை அல்ல. லீன் கட்டுமானத்துக்கான பன்னாட்டுக் குழு 1993-ல் தொடங்கிய ஆண்டு மாநாடுகளின் கட்டுரைகளும் அதன் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மூலத்துக்கு அந்தப் பழைய ஆவணங்களைக் காட்டுங்கள், இன்றைய நிலைக்கு அண்மைய ஆய்வைக் காட்டுங்கள். இரண்டும் வேண்டும்.

ஆய்விதழின் பெயரில் ‘இன்டர்நேஷனல்’ இருப்பது தரத்துக்கு அடையாளமாகாது. பணம் கட்டினால் மூன்றே நாளில் வெளியிடும் இதழ்களுக்கும் அந்தப் பெயர் உண்டு; கூகுள் ஸ்காலர் அவற்றையும் சேர்த்தே காட்டும். சந்தேகம் வந்தால் ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தின் பட்டியலில் அந்த இதழ் இப்போதும் இருக்கிறதா, இடையில் நிறுத்தப்பட்டதா என்று பாருங்கள். யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழாக இருந்தால் அத்தகைய இதழ்களின் டி.ஓ.ஏ.ஜே பட்டியலிலும் தேடலாம்.

மென்பொருள் நிறுவனங்களும் ஆலோசனை நிறுவனங்களும் வெளியிடும் அறிக்கைகளை ஒதுக்கத் தேவையில்லை. மெக்கின்சியின் 2017 அறிக்கை, கட்டுமானத்தில் தொழிலாளர் உற்பத்தித்திறன் இருபது ஆண்டுகளாக ஆண்டுக்குச் சராசரி 1 சதவீதமே வளர்ந்தது, உலகப் பொருளாதாரம் முழுவதற்கும் அது 2.8 சதவீதம் என்று சொல்வதை எல்லாரும்தான் எடுத்தாள்கிறார்கள். நீங்களும் எடுக்கலாம், சொன்னவர் யார் என்பது வாக்கியத்திலேயே தெரிந்தால் போதும். ஒரு மென்பொருளால் செலவு குறைந்தது என்பதற்கு அதை விற்பவரின் கையேட்டை மட்டும் சான்றாக வைப்பதுதான் செல்லாது.

பதிப்பைப் பார்க்காமல் விதி எண் எழுதுவது

மற்ற துறை மாணவர்களுக்கு அவ்வளவாக இல்லாத தொல்லை இது. ஒப்பந்தப் படிவங்கள், தரநிலைகள், வழிகாட்டிகள் எல்லாம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர்கள் கூட்டமைப்பான ஃபிடிக் வெளியிடும் சிவப்புப் புத்தகம் என்ற ஒப்பந்தப் படிவத்தையே எடுத்துக்கொள்வோம். 1999 பதிப்பில் 20 விதிகள். ஒப்பந்ததாரர் தன் கோரிக்கையை 28 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பது அதில் 20.1. உரிமையாளரின் கோரிக்கை தனியாக 2.5-ல் இருந்தது. 2017 பதிப்பில் விதிகள் 21 ஆகின. இரு தரப்பின் கோரிக்கைகளும் 20-ன் கீழ் வந்தன, அறிவிப்பு நடைமுறை 20.2-க்குப் போனது, தகராறுத் தீர்வு 21-க்கு நகர்ந்தது. 2010-ல் வந்த ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு ‘ஃபிடிக் விதி 20.1-ன்படி’ என்று எழுதி, பட்டியலில் 2017 பதிப்பைக் காட்டினால் அந்தச் சான்று வாசகரைத் தவறான இடத்தில் இறக்கிவிடும்.

பி.எம்.ஐ என்ற திட்ட மேலாண்மை அமைப்பின் வழிகாட்டியான பி.எம்.பாக் கதையும் இதுதான். 2017-ல் வந்த ஆறாம் பதிப்பில் பத்து அறிவுப் பகுதிகள்; 2021-ன் ஏழாம் பதிப்பு அந்த அமைப்பை விட்டு 12 கோட்பாடுகள், 8 செயல்திறன் களங்கள் என்று மாறியது. ‘பி.எம்.பாக் சொல்லும் பத்து அறிவுப் பகுதிகள்’ என்றால் ஆறாம் பதிப்பு என்று சொல்லியாக வேண்டும். பிம் பற்றி எழுதுபவர்கள், 2018-ல் பிம் தகவல் மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலை ஐ.எஸ்.ஓ 19650-ன் முதல் இரண்டு பகுதிகள் வந்தபின், அவை இடம்பிடித்த பிரிட்டனின் பழைய பி.எஸ் 1192, பாஸ் 1192-2 ஆவணங்களை நடப்பு விதியாகக் காட்டாமல் இருந்தால் சரி.

சாட்பாட் தரும் பட்டியல்

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் பத்துச் சான்று கேட்டால் பத்தும் அழகாக வரும். ஆசிரியர் பெயர் உண்மையானதாக இருக்கும், இதழும் உண்மையானது, தொகுதி எண்ணும் பொருத்தமாகவே தெரியும். அப்படியொரு கட்டுரை மட்டும் இருக்காது. கட்டுரையின் நிரந்தர அடையாள எண்ணான டி.ஓ.ஐ-யை அதற்கான தளத்தில் போட்டுப் பாருங்கள். சில நேரம் எண் வேலை செய்யும், ஆனால் திறப்பது வேறு ஏதோ கட்டுரையாக இருக்கும். தலைப்பைக் கிராஸ்ரெஃப் என்ற டி.ஓ.ஐ பதிவுத் தளத்தில் தேடுவது ஒரு நிமிட வேலை. கட்டுரை உண்மையிலேயே இருந்தாலும், நீங்கள் சொல்ல வந்ததை அது சொல்கிறதா என்று திறந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

பட்டியலில் சிந்தும் சிறு பிழைகள்

மூலம் எப்படியும் கைக்குக் கிடைக்காத நேரங்கள் உண்டு. அப்போது, இன்னார் சொன்னதாக இன்னார் எழுதியது என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு, படித்த நூலை மட்டும் பட்டியலில் சேருங்கள்.

சான்று காட்டும் முறைகளில் ஹார்வர்டு முறை என்று சொன்னால் எல்லாருக்கும் பொதுவான ஒரே விதிநூல் கிடையாது. உங்கள் துறை தந்திருக்கும் வழிகாட்டிதான் ஹார்வர்டு. இன்னொரு முறையான ஏ.பி.ஏ என்றால் இப்போது ஏழாம் பதிப்பு. மூன்று பேர், அதற்கு மேல் ஆசிரியர்கள் இருந்தால் முதல் முறையே முதல் ஆசிரியர் பெயரோடு ‘மற்றும் பிறர்’ போட்டுவிடலாம்.

துணைநூற்பட்டியலைத் தொகுக்கும் ஜொட்டெரோ, மெண்டலி போன்ற மென்பொருள்கள் நேரத்தை மிச்சப்படுத்தும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. நிறுவனம் ஆசிரியராக இருக்கும் இடத்தில் அவை அதைத் தனிமனிதப் பெயராக நினைத்துத் துண்டு போடும். தரநிலை அமைப்பின் பெயரில் கடைசிச் சொல் குடும்பப் பெயராகவும் முன்னால் உள்ளவை தலைப்பெழுத்துகளாகவும் மாறிப் பட்டியலில் நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஜொட்டெரோவில் ஆசிரியர் பெயரை ஒற்றைப் புலமாக மாற்றினால் சரியாகிவிடும். அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் பழைய கட்டுரைகள் பலவற்றின் டி.ஓ.ஐ எண்ணுக்குள்ளேயே அடைப்புக்குறி வருவதால், நகலெடுக்கும்போது இணைப்பு உடைகிறதா என்று சொடுக்கிப் பாருங்கள்.

தளத்திலிருந்து எடுத்த ஆவணங்கள்

பயிற்சிக்குப் போன இடத்தில் கிடைத்த அளவுப் பட்டியல், தள நாட்குறிப்பு, கூட்டக் குறிப்பு இவற்றையும் மாணவர்கள் சான்றாக வைப்பதுண்டு. வெளியிடப்படாத ஆவணம் என்பதால் வாசகரால் தேடி எடுக்க முடியாது. அதோடு ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு விதியும் இருக்கலாம். நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அனுமதி கிடைத்தாலும் ‘திட்டம் அ’, ‘ஒப்பந்ததாரர் 2’ என்று பெயரை மறைத்து, ஆவணத்தின் வகையையும் தேதியையும் உரையிலேயே குறிப்பிட்டு, தேவையான பகுதியை மட்டும் பின்னிணைப்பில் வைக்கலாம். மறைத்த பெயர் கோப்பின் பெயரிலோ, ஸ்கேன் செய்த பக்கத்தின் மூலையில் உள்ள முத்திரையிலோ எட்டிப் பார்க்கிறதா என்று சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.