கொடைக்கானலில் தனி சைக்கிள் பாதை கேட்கப் போகிறீர்களா? முதலில் டேப்பை எடுங்கள்

ஏரியைச் சுற்றி சுமார் 5 கிலோமீட்டர். வாடகை சைக்கிள், சவாரிக் குதிரை, டூரிஸ்ட் வேன் எல்லாம் ஒரே சாலையில். போன மே மாதம் ஒரு வேன் பின்னால் வந்து ஹாரன் அடித்ததும், பத்து வயதிருக்கும் ஒரு பெண் பதறி ஹேண்டிலைத் திருப்பி, ஓர மண்ணில் சறுக்கி விழுந்தாள். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. வெள்ளைக் கோடு மட்டும் போட்டால் அதன் மேல் கார்தான் நிற்கும், அதனால் மனுவில் "வண்டிகளுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் தடுப்புக் கல் வைத்த பாதை" என்றே எழுதுங்கள்.

"இடமில்லை" என்றுதான் முதல் பதில் வரும். அதனால் காலை 6 மணிக்கே, வண்டிகள் வருவதற்கு முன், இரண்டு பேராகப் போய் 50 மீட்டருக்கு ஒரு தடவை சாலையின் அகலத்தை அளந்து, மின்கம்பம், கடை, வண்டி நிறுத்துகிற இடம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவழிப் பாதைக்கு 2 மீட்டர் இருந்தால் நல்லது.

மூஞ்சிக்கல் பக்கம் மாதிரி சரிவான சாலைகளில் இரண்டு பக்கமும் இடம் கிடைக்காது. அங்கே ஏறுகிற பக்கத்துக்கு மட்டுமாவது கேளுங்கள். இறங்குகிற சைக்கிள் கிட்டத்தட்ட வண்டிகளின் வேகத்திலேயே போய்விடும், ஏறுகிறவர்தான் மூச்சு வாங்கிக்கொண்டு, நடக்கிற வேகத்தில், இடமும் வலமும் ஆடி ஆடி மிதிப்பார், பனிமூட்டத்தில் பின்னால் வருகிற டிரைவர் கண்ணுக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிவார்.

மழையையும் மறக்காதீர்கள். தடுப்புக் கற்களுக்கு நடுவே தண்ணீர் வடிய இடைவெளி வேண்டும். வடிகால் மூடியின் கம்பிகள் சைக்கிள் போகிற திசையிலேயே இருந்தால் டயர் உள்ளே இறங்கிவிடும், குறுக்காக வைக்கச் சொல்லுங்கள்.

பாதையைத் துண்டு துண்டாகக் கேட்காதீர்கள். ஸ்பெயினில் செவில் நகரம் 2006-க்குப் பிறகு சில வருடங்களிலேயே தடுப்புடன் சுமார் 120 கிலோமீட்டர் பாதையை ஒன்றோடொன்று இணைத்துப் போட்டது, சைக்கிளே அதிகம் ஓடாத ஊரில் பல மடங்கு பேர் ஓட்ட ஆரம்பித்தார்கள். நமக்கு ஏரி, பள்ளிகள், பஸ் ஸ்டாண்ட் மூன்றும் சேர்ந்தாலே பெரிய விஷயம்.

அப்புறம், அந்தச் சாலை நகராட்சியுடையதா நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள், இல்லாவிட்டால் மனு மேசை மாறி மாறி அலையும். திண்டுக்கல் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் அளவு நோட்டின் நகலோடு மனுவைக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். அதற்கு முன்பே சைக்கிள் வாடகைக்காரர்களிடமும் குதிரைக்காரர்களிடமும் உட்கார்ந்து பேசுங்கள். குதிரைகள் எங்கே நிற்கும் என்பதை வரைபடத்தில் அவர்கள் கையாலேயே குறிக்க வையுங்கள்.