கடலூரில் மாடியில் சோலார் போடுவதற்கு முன்

பேனல் விலையை விசாரிக்கும் முன் பழைய கரண்ட் பில்களை எடுங்கள். வருஷத்துக்கு ஆறு, சித்திரையில் ஏசி ஓடியதும் மார்கழியில் ஃபேன்கூடப் போடாததும் அதில் தெரியும். இரண்டு மாதச் சராசரி 600 யூனிட் என்றால் நாளுக்கு 10. ஒரு கிலோவாட் பேனல் இங்கே நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும், ஆக 3 கிலோவாட் போதும்.

அதற்கு இடம் 300 சதுர அடி வேண்டும், தெற்குப் பார்த்து 12 டிகிரி போலச் சரிவு. அதைவிட நிழல்தான் முக்கியம். காலை 9, மதியம், மாலை 4 என்று மூன்று வேளையும் மாடி ஏறி, நிழல் விழும் விளிம்பில் சாக்பீஸால் கோடு போடுங்கள். எங்கள் மாடியில் பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை மூன்று மணிக்கே எட்டிப் பார்த்தது; ஒரு பேனல் மறைந்தாலும் அந்த வரிசையே சுணங்கும், அதனால் மொத்தத்தையும் ஆறடி தள்ளிப் போட்டோம்.

ஸ்டாண்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சில்வர் பெயிண்ட் அடித்த இரும்பைத் தேவனாம்பட்டினம் உப்புக்காற்று தின்றுவிடும். ஹாட் டிப் கால்வனைஸ் செய்த, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கம்பியும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் கேளுங்கள். 2011 தானே புயலைப் பார்த்தவர்களுக்குக் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஒன்று. கரண்ட் போனால், தெரு லைனோடு இணைத்த இந்த சோலாரும் நின்றுவிடும், நல்ல வெயிலாக இருந்தாலும். நம் கரண்ட் லைனுக்குள் போய், கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே! அந்த நேரத்துக்கும் வேண்டுமென்றால் பேட்டரியும், அதையும் லைனையும் சேர்த்து ஓட்டும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் போட வேண்டும், செலவு கூடும்.