நேம்ஸ்பேஸ் சேர்த்ததும் கேட்ச் பிடிக்காமல் போன கதை

பிஎச்பி என்ற வெப் புரோகிராமிங் மொழியில் எழுதிய பழைய புராஜெக்ட் ஒன்றில் யூசர் என்று நான் எழுதிய கிளாஸ் (தரவும் ஃபங்ஷன்களும் சேர்ந்த கோடு தொகுப்பு) ஒன்று, வெளியிலிருந்து சேர்த்த லைப்ரரியிலும் அதே பெயரில் இன்னொன்று. இரண்டும் ஒன்றாக லோடானதும் எரர் வந்து எல்லாம் நின்றுவிட்டது. சரி, 2009-இல் வந்த பிஎச்பி 5.3 முதலே நேம்ஸ்பேஸ், அதாவது பெயர்கள் மோதாமல் பிரித்து வைக்கும் வசதி, இருக்கிறதே என்று என் ஃபைல்கள் எல்லாவற்றின் தலையிலும் அதை அறிவிக்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். மோதல் தீர்ந்தது.

அப்புறம்தான் உண்மையான தலைவலி. டேட்டாபேஸ் இணைப்பு அறுந்தால் பயனருக்கு நல்லபடியாக ஒரு செய்தி காட்ட டிரை கேட்ச் (பிழை வந்தால் பிடித்துச் சமாளிக்கும் கோடு) எழுதியிருந்தேன், அது பிடிக்கவே இல்லை, எக்செப்ஷன், அதாவது அந்தப் பிழை, நேராகத் திரையில் வந்து கொட்டியது. இரண்டு நாள் தேடினேன். கேட்சின் அடைப்புக்குறிக்குள் வெறுமனே எக்செப்ஷன் என்று இருந்ததுதான் காரணம். நேம்ஸ்பேஸுக்குள் கிளாஸ் பெயரை அப்படி எழுதினால் பிஎச்பி அதே நேம்ஸ்பேஸில் மட்டும்தான் பார்க்கும், வெளியே போய்த் தேடாது. ஃபங்ஷன் என்றால் உள்ளே கிடைக்காதபோது குளோபலில், அதாவது எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத பொது இடத்தில், தேடிக்கொள்ளும், அதனால்தான் மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடியது. இதில் மோசம் என்னவென்றால், அப்படி ஒரு கிளாஸே இல்லை என்று கேட்ச் ஒரு வார்த்தைகூடச் சொல்லாது.

பெயருக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் (\) போட்டாலே போதும், குளோபலில் இருக்கும் கிளாஸை எடுத்துக்கொள்ளும். நான் அதற்குப் பதிலாக ஃபைலின் மேலேயே அந்த கிளாஸைக் குறிப்பிடும் யூஸ் வரி எழுதிவிட்டேன், எது வெளியிலிருந்து வருகிறது என்று பார்த்ததும் தெரியும். பிறகு எல்லா கேட்ச் வரிகளையும் ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினேன், பதினொன்று இருந்தன.