போட்டி கேட்கும் சட்டகத்திலேயே படம் எடுங்கள்

போட்டி விதியில் சதுரப் படம் கேட்டிருந்தால், அப்புறம் வெட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கேமராவை ரா (கேமரா பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் மூலக் கோப்பு), ஜேபெக் (வழக்கமான படக் கோப்பு) இரண்டும் சேர்ந்து பதிவாகும்படி வைத்து, பட விகிதத்தை முதலிலேயே 1:1 ஆக்கிவிடுங்கள்.

மலேசியாவின் பத்துமலையில் 140 அடி முருகனையும் 272 படிகளையும் சதுரத்துக்குள் எப்படி அடக்குவது என்ற விளையாட்டு அங்கேயே தொடங்கிவிடும். கற்பனைக்கு வேலை கொடுப்பதே அந்த நெருக்கடிதான். பெரும்பாலான கேமராக்களில் வெட்டு ஜேபெக்குக்கு மட்டும்தான். ரா கோப்பு முழுதாக இருக்கும், மனம் மாறினால் கை கொடுக்கும்.

நெடும்படம், அதாவது அகலத்தைவிட உயரம் கூடிய படம், கேட்டால் கேமராவையே திருப்பிப் பிடியுங்கள். 6000 × 4000 கிடைப்படத்தை 2:3 நெடும்படமாக வெட்டினால் அகலம் சுமார் 2667 பிக்சல்தான் மிஞ்சும். ஏ3 தாளில் அச்சிட, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அகலத்துக்கு 3508 பிக்சல் வேண்டும்.

பினாங்கில் தைப்பூச ரதத்துக்குத் தேங்காய் உடைக்கும் இடத்தில் இப்படி முதலிலேயே சட்டகத்தைக் குறுக்குவது சரிவராது. சில்லு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்குத் தெரியும்? அங்கே முழுச் சட்டகத்தில், சுற்றிலும் தாராளமாக இடம்விட்டு எடுங்கள். ரா வசதி இல்லாத கைப்பேசியிலும் விகிதத்தை மாற்றாதீர்கள். பல கைப்பேசிகளில் வெட்டுப்பட்ட பகுதி திரும்பக் கிடைக்காது.