செயற்கைக்கோள் கட்டுப்பாட்டுத் திரை: பழைய எண் புதியதுபோல் தெரியாமல் இருக்க

நோட் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டுவது), கிட் (நிரல் தொகுப்பை இறக்க உதவுவது) இரண்டும் உங்கள் கணினியில் இருக்கும் என்று நம்பித் தொடங்குகிறேன்.

படி 1: கருவி. பழகுவதற்கு நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் உருவாக்கிய ஓப்பன் எம்சிடி என்ற திரை மென்பொருள் போதும். இலவசம், உலாவியிலேயே ஓடும். அதன் பயிற்சித் தொகுப்பில் ஒரு போலி விண்கலம் டெலிமெட்ரி (தன் நிலையைச் சொல்லும் அளவீடுகள்) அனுப்பிக்கொண்டே இருக்கும். கட்டளையும் அனுப்ப வேண்டுமென்றால் காஸ்மாஸ் என்ற இன்னொரு மென்பொருள் பக்கம் போகலாம். சொந்தமாக முதலிலிருந்து எழுதுவது வீண்வேலை என்பது என் கட்சி.

படி 2: எதைக் காட்டுவது? 500 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், ஒரு தரைநிலையத்துக்கு மேலே ஒருமுறை கடந்தால் சிக்னல் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். முதல் திரையில் பேட்டரி வோல்டேஜ், வெப்பநிலை, சுழலும் வேகம், சிக்னல் வலிமை, கடைசிக் கட்டளை ஏற்கப்பட்டதா என்பது மட்டும் இருக்கட்டும். சரியாக உள்ள எண்ணுக்குப் பச்சை பூசாதீர்கள். திரை முழுக்கப் பச்சையாக இருந்தால் எல்லை மீறியதைக் காட்டும் மஞ்சளைக் கண் தேட வேண்டியிருக்கும். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காக எல்லை மீறிய எண்ணின் பக்கத்தில் ஒரு குறியும் போடுங்கள்.

படி 3: நேரம். பலரும் மாட்டுவது இங்கேதான்.

சிக்னல் போன பிறகும், திரையில் எண்ணைக் காட்டும் பெட்டியில் கடைசி எண் அப்படியே நிற்கும். பார்ப்பவர் இப்போதைய நிலவரம் என்றே நினைப்பார். எண்ணை மங்கலாக்கி, எத்தனை நொடிக்கு முந்தையது என்று அருகில் காட்டினால் அது தீரும்.

அடுத்த சிக்கல் கொஞ்சம் நுட்பமானது. நம் பார்வையில் இல்லாதபோது பதிவு செய்து வைத்ததையும் கோள் கடக்கும்போது சேர்த்தே கொட்டும். உதாரணமாக, இப்போது வெயிலில் 8.1 வோல்ட் இருக்கும். பூமியின் நிழலில் பதிவான 7.0 அதே பெட்டியில் வந்து விழுந்தால் அலாரம் அடிக்கும். பேட்டரி படுத்துவிட்டது என்று ஆளாளுக்குப் பதறுவார்கள். அதனால் ஒவ்வொரு எண்ணுடனும் இரண்டு நேரங்களை வைத்திருங்கள்: கோளில் அளந்த நேரம், தரைக்கு வந்து சேர்ந்த நேரம். வயதைக் கணக்கிட முதலாவதுதான் வேண்டும். பெட்டியில் இருப்பதைவிடப் பழைய எண் வந்தால், எண் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வரைபடத்துக்கு மட்டும் அனுப்புங்கள்.

படி 4: கட்டளைப் பொத்தான். எல்லாக் கட்டளைக்கும் 'உறுதியா?' என்று கேட்டால் விரல் தானாக 'ஆம்' அழுத்தப் பழகிவிடும். டிரான்ஸ்மிட்டரை அணைப்பது போன்ற ஆபத்தானவற்றுக்கு மட்டும் கேளுங்கள். காஸ்மாஸில் கட்டளை வரையறையிலேயே அப்படிக் குறித்துவிடலாம்.

பின்சேர்க்கை: படி 3-இன்படி செய்ததில், கோளின் கணினி ரீசெட் ஆனதும் (மறுபடி முதலிலிருந்து தொடங்கியதும்) பெட்டி உறைந்துவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நியாயம்தான். கோளின் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போனால் புதிய எண்ணெல்லாம் பழையதாகத் தெரியும், பெட்டி எதையும் ஏற்காது. நேரலைக்கு ஒரு மெய்நிகர் சேனல் (ஒரே இணைப்புக்குள் தனியாகப் பிரித்த பாதை), பதிவுக்கு வேறொன்று என்று கோளிலேயே பிரித்து அனுப்பினால் நேரத்தை ஒப்பிடும் வேலையே இல்லை. அப்படிப் பிரிக்க முடியாத கோள் என்றால், ரீசெட் எண்ணிக்கையையும் டெலிமெட்ரியில் வாங்கி, அது மாறியதும் பெட்டிகளைக் காலி செய்துவிடுங்கள்.