கிறிஸ்துமஸ் மரத்தின் நுனியைக் கிள்ளாதீர்கள்

படங்களில் கிறிஸ்துமஸ் மரமாகப் பார்க்கிற குட்டை ஸ்புரூஸ் அழகுதான். வருடத்துக்கு 5 முதல் 10 செ.மீ. மட்டும் வளர்ந்து, கூம்பு மாதிரி அடர்த்தியாக நிற்கும். ஆனால் அதற்குக் கடுங்குளிர் வேண்டும். காரைக்குடி வெயிலில் பிழைக்காது. இங்கே நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று தருவது பெரும்பாலும் அராக்கேரியா. சூடு தாங்கும். எங்கள் வீட்டில் முற்றத்துத் தூண் ஓரமாக, உச்சி வெயில் படாத இடத்தில் வைத்திருக்கிறோம்.

இதன் அழகெல்லாம் நுனிமொட்டில்தான் இருக்கிறது. நடுத்தண்டு நேராக மேலே போக, அதைச் சுற்றி வண்டிச் சக்கரத்து ஆரம் போலக் கிளைகள் அடுக்கடுக்காக வரும். உயரத்தைக் குறைக்கலாம் என்று அந்த இளம்பச்சை நுனியைக் கிள்ளினால் பழைய வடிவம் திரும்பாது. பக்கக் கிளையை வெட்டி நட்டாலும் அது படுத்தவாக்கில்தான் வளரும். கீழ்க்கிளை காய்ந்து விழுந்த இடத்திலும் மறுபடி துளிர்க்காது. அதனால் சித்திரையில் தினமும் மண்ணை விரலால் தொட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்ததும் தண்ணீர் விடுங்கள், தேங்க விடாதீர்கள். அப்புறம், வெளிச்சம் வரும் பக்கமாகச் சாயும் செடி இது. வாரம் ஒரு முறை தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள். தரையில் நடுவதென்றால் வீட்டுச் சுவரை விட்டு நன்றாகத் தள்ளியே நடுங்கள்; பனை உயரத்துக்குப் போகிற மரம்.